ஆஸ்பத்திரி பார்மசி சாஃப்ட்வேர்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்ததுல

ஆஸ்பத்திரி பார்மசில கவுன்டர், ஸ்டோர் ரெண்டுலயும் நிக்கிறவ நான். சாஃப்ட்வேர் பேரு வேணாம், வேற கம்பெனியோடது ஓட்டுற கூட்டாளிங்களும் கிட்டத்தட்ட இதே குறைதான் சொல்றாங்க, அதனால புதுசா வாங்கப் போறவங்களுக்காக எழுதுறேன்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் கைல இருக்கு. ஏதாவது ஒரு பேட்சை கம்பெனி திரும்பக் கேட்டா, எந்த வார்டுக்கு, எந்த நோயாளிக்குப் போச்சுனு ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம், நோட்டுல தேடினா அன்னைக்குப் பூரா அதே வேலைதான். சீக்கிரம் காலாவதியாகுறதை முதல்ல பில்லுக்குத் தள்ளுது. இதுக்காகவே பழைய முறைக்குப் போக எனக்கு மனசு வராது.

ஆனா ஸ்டாக் கணக்கு இருக்கே, அதுல தான் உயிர் போகுது. மருந்து பெட்டில வருது, நாங்க ஸ்ட்ரிப்ல எண்ணுறோம், வார்டு மாத்திரைல கேக்குது. மருந்து விவரமெல்லாம் பதிஞ்சு வைக்கிற மாஸ்டர் லிஸ்ட்ல ஒரு பெட்டிக்கு 10 ஸ்ட்ரிப், 100 மாத்திரைனு போடாம யாரோ 10 மாத்திரைனு போட்டுட்டாங்க, ரேக் நிறைய மருந்து இருக்கு, ஸ்க்ரீன்ல ஸ்டாக் இல்லைங்குது, பில் போடவும் விடல, எதிர்ல நோயாளியோட ஆளு நின்னுட்டு இருக்காரு. டிஸ்சார்ஜ் பில் முடிஞ்சப்புறம் வார்டுல இருந்து திரும்பி வர்ற ஊசிகளை உள்ள ஏத்த வழியே கிடையாது. ராத்திரி அவசரத்துக்கு எடுத்துட்டு காலைல என்ட்ரி போடுறதும் சேந்துக்கும், மாசக் கடைசில எண்ணிப் பாத்தா எதுவும் ஒத்துப் போகாது.

அடுத்து எச்சரிக்கை. ஒண்ணுமில்லாத விஷயத்துக்கும் ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா வந்து நிக்கும், நாப்பதாவது தடவை வர்றப்ப கை தானா ஓகேவை அழுத்திடும், அந்த நாப்பதாவதுல தான் நிஜமான அலர்ஜி எச்சரிக்கை இருக்கலாம். எனக்கு இதான் பெரிய பயம்.

தேடுற விதமும் ஆபத்து. 2017ல அமெரிக்கால ஒரு ஆஸ்பத்திரில மருந்து அலமாரி மெஷின்ல முதல் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தை (VE) மட்டும் டைப் பண்ணி, பதட்டம் குறைக்கிற வெர்செட்டுக்குப் பதிலா தசையைச் செயலிழக்க வைக்கிற வெக்குரோனியம் எடுத்து, அந்த நோயாளி இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் குறைஞ்சது அஞ்சு எழுத்தாவது போட வைக்கணும்னு நிபுணர்கள் சொன்னாங்க. எங்களோடது இன்னும் ரெண்டு எழுத்துலயே லிஸ்டைக் கொட்டுது. மூட்டு வாதத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை குடுக்குற மெத்தோட்ரெக்ஸேட்டுக்குக் கூட 'தினமும்'னு தான் தானா வந்து நிக்கும், மாத்த மறந்தா அது விஷம்ங்க.

வாங்குறதுக்கு முன்னாடி டெமோவை மேனேஜர் ரூம்ல பாக்காதீங்க. ராத்திரி ஷிஃப்ட் பாக்குற ஒருத்தரை உக்கார வச்சு, அரை ஸ்ட்ரிப் பில் போடச் சொல்லுங்க, திரும்பி வந்த ஊசியை ஏத்தச் சொல்லுங்க, நெட்டைப் புடுங்கிட்டு மருந்து குடுக்கச் சொல்லுங்க. எங்களுக்கு நெட் போனா இன்னும் பேப்பர் தான், வந்தப்புறம் எல்லாத்தையும் மறுபடி ஏத்த ரெண்டு பேர் உக்காரணும்.