குழுவுக்குப் பணம் சேர்க்க எது சரி: ஜிபே நம்பரா, அறக்கட்டளையா, வெளிநாட்டுத் தளமா?

மதுரைப் பக்கம் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் பெரும்பாலும் இதே வரிசைதான். முதலில் டெலிகிராம் குழு, அப்புறம் லோகோ, அப்புறம் யாராவது ஒருவர் "நாமே சொந்தமா ஒரு சர்வர் போட்டா என்ன?" என்பார். கூடவே "யார் ஜிபேக்கு அனுப்பணும்?" என்ற கேள்வியும் வந்துவிடும். லோகோவின் நிறத்துக்கு மூன்று வாரம் சண்டை போட்டவர்கள் இந்தக் கேள்வியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் மனக்கசப்பு வருவது எல்லாம் இதில்தான், லோகோவில் இல்லை.

முதலில், பணம் வேண்டுமா என்பதையே பார்த்துவிடலாம். பேச்சும் லிங்க் பகிர்வும் மட்டும்தான் என்றால் டெலிகிராம் போதும், ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், பைசா செலவில்லை. வாட்ஸ்அப்பில் 1024 பேரோடு நின்றுவிடும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது, எனவே நல்ல சரக்கைச் சேர்த்து வைக்க அது உதவாது. டிஸ்கார்டில் போடுவது கூகுள் தேடலில் வராது. உதாரணத்துக்கு, டெசராக்ட் என்ற மென்பொருள் தமிழ் அச்சையும் படிக்கும், பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் எழுத்தாக மாற்றித் தரும் என்று ஒருவர் அருமையாக எழுதிப் போட்டிருப்பார். மூன்று வாரம் கழித்து இன்னொருவர் அதையே கேட்பார், யாராலும் தேடி எடுக்க முடியாது, நடுவில் நூறு காலை வணக்கம் கிடக்கும். இதற்குச் சர்வர் வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து நல்ல லிங்க்குகளை மட்டும் ஒரு கிட் களஞ்சியத்தில் (கோப்புகளை அவற்றின் மாற்றங்களோடு சேமித்து வைக்கும் இடம்) ஒரு கோப்பில் எழுதி வைத்தாலே போதும், அதுவும் இலவசம்தான்.

சொந்த சர்வர் என்று இறங்கினால்தான் செலவு. மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை முறைக்கு ஒரு சர்வர் போடலாம், உரையாடல் நம் கையில் இருக்கும், ஆனால் அதை இயக்கும் சினாப்ஸ் மென்பொருள் நினைவகத்தைத் தின்னும், பெரிய பொது அறைகள் சிலவற்றில் சேர்ந்துவிட்டால் தரவுத்தளம் ஊதிக்கொண்டே போகும். நடுத்தரமான வாடகை சர்வர், டொமைன், பேக்கப் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பத்திலிருந்து பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் கீழே வரும் வழிகளில் பாதி இந்தத் தொகைக்குத் தேவையே இல்லாதவை.

ஒருவரின் யுபிஐ எண்ணுக்கே அனுப்பச் சொல்வதுதான் எல்லோரும் முதலில் செய்வது. கட்டணம் கிடையாது, நூறு ரூபாய் அனுப்பினால் நூறும் வந்து சேரும். ஐம்பது ரூபாய் தரும் கல்லூரி மாணவனையும் உள்ளே இழுக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் க்யூஆரை ஸ்கேன் செய்தால் திரையில் குழுவின் பெயர் வராது, பொருளாளரின் பெயர்தான் வரும். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ அவரைப் பார்த்தே இராத ஒருவர் அங்கேயே யோசிப்பார், யோசிப்பதும் நியாயம்தான்.

அடுத்தது ஸ்டேட்மெண்ட். யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியிலும் 12 இலக்கப் பரிமாற்ற எண், பாதியில் வெட்டுப்பட்ட பெயர், அதன் பின்னால் செயலி தானாகப் போடும் ஒரு வரி. "சர்வருக்கு" என்று அனுப்புபவர் குறிப்பு எழுதியிருந்தாலும் அது பாஸ்புக்கில் முழுதாக வரும் என்று நம்ப முடியாது. பொருளாளரின் சம்பளமும் பால் பாக்கியும் மளிகையும் அதே கணக்கில் ஓடினால் கேட்கவே வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்துவிடுங்கள், வேறு வழியில்லை. இரண்டு பேர் பெயரில் திறப்பது இன்னும் நல்லது. ஆனால் இருவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்ற வகையில் திறந்தால் அதில் யுபிஐ ஓடாது. இருவரில் யாராவது ஒருவர் இயக்கலாம் என்ற வகை வேண்டும், அதை வங்கியில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வரி விஷயமும் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் அவர் வருமானக் கணக்கில் வரி. பதினைந்தாயிரம் செலவுள்ள குழுவுக்கு இது பிரச்சினையில்லை. உற்சாகத்தில் "வருகிற வரை வரட்டும்" என்று க்யூஆரை எல்லா இடத்திலும் ஒட்டி வைக்கிறவர்கள்தான் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பதிலாக பேமெண்ட் கேட்வே, அதாவது நமக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை, வைக்கலாம். குழுவின் பெயர் வரும், ரசீது தானாகப் போகும், மாதாமாதம் தானாகப் பிடிக்கும் வசதியும் உண்டு. வழக்கமான கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் 36 காசு. பெரிய தொகையில்லை. ஆனால் நன்கொடை வாங்கத்தான் என்றதும் பதிவுச் சான்று, அமைப்பின் பெயரில் பான் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அப்போது பேச்சு அறக்கட்டளைக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், வருடாவருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்தால் ஆயிற்று, ஆள் குறைவாக இருந்தாலும் நடக்கும். பதிவதற்கு ஆகும் செலவுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு வருடாவருடம் ஆடிட்டருக்குக் கொடுப்பது சில குழுக்களுக்குச் சர்வர் வாடகையைத் தொட்டுவிடும். சர்வருக்காகப் பணம் சேர்த்து, அந்தப் பணத்துக்குக் கணக்கு எழுத இன்னொரு பணம் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"80ஜி வாங்கிட்டா நிறையப் பேர் தருவாங்க" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் அந்த வரி விலக்கு பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். இப்போது புதிய முறைதான் இயல்பாக வருவது, அதில் 80ஜி கழிவு கிடையாது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் வேலை பார்க்கும் நம் ஐடி ஆட்களில் எத்தனை பேர் இன்னும் பழைய முறையில் இருக்கிறார்கள் என்று குழுவில் ஒரு கருத்துக்கணிப்பு வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்கள். என் கணிப்பில், லட்சக்கணக்கில் பணம் புழங்கும் வேலை, சம்பளத்துக்கு ஆள், நிறுவனங்களிடமிருந்து நிதி, இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் பதிவு. இல்லையென்றால் ஏற்கெனவே பதிந்து நடக்கும் அமைப்பின் நிழலில் போய் உட்காருவது நல்லது. தமிழில் கணியம் அறக்கட்டளை, இந்திய அளவில் ஃபாஸ் யுனைடெட் போன்றவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

நன்கொடை திரட்டித் தரும் வெளிநாட்டுத் தளங்கள் பார்க்க ஜோராக இருக்கும். லிபராபே 2015இல் தொடங்கியது, பிரான்ஸில் லாப நோக்கில்லாமல் நடக்கிறது, தனக்கென்று பங்கு எடுப்பதில்லை, அதுவே நன்கொடையில்தான் ஓடுகிறது. மனதுக்குப் பிடித்தது அதுதான், ஆனால் பணம் கைமாறுவது பேபால், ஸ்ட்ரைப் வழியாக. பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அதாவது சிம்மக்கல்லில் இருப்பவர் கே.புதூரில் இருப்பவருக்கு அந்த வழியில் நூறு ரூபாய் தர முடியாது. பேட்ரியான் புதிதாகச் சேர்பவர்களிடம் 10 சதவீதம் எடுக்கிறது. ஓப்பன் கலெக்டிவ் வரவு செலவை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கும், அந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. அதில் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு நமக்காகப் பணத்தை வைத்திருந்து 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே தளத்தில் பல குழுக்களுக்குப் பணம் வைத்திருந்த ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024இல் கடையை மூடியது, நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேடி ஓட வேண்டியதாயிற்று.

அதோடு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று: கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒப்புதல் பதிய வேண்டும். அப்போது பல வெளிநாட்டுத் தளங்களில் இந்திய கார்டுகளின் மாதச் சந்தா சத்தமில்லாமல் நின்றுபோனது. தருபவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது, கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள் தர விரும்பினால்? இங்கே பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால் வரும், மதுரையில் பிறந்தவர் என்பது அங்கே செல்லாது. அந்தச் சட்டப்படிப் பதிவு வாங்க அமைப்புக்குப் பொதுவாக 3 வருட வயதும் 15 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கும் வேண்டும், பணமும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். சின்னக் குழு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதே நல்லது. என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023இல் அனுமதி வந்துவிட்டது, அதுவே போதும்.

மாதச் சந்தாவா, வருடத்துக்கு ஒரு முறையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதைப் போலத்தான் போட வேண்டும். செலவு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று முன்னாடியே சொல்லி, சேர்ந்ததும் நிறுத்தி, முடிந்ததும் கணக்கை எல்லோர் முன்னாலும் வாசித்துவிடுவது. எப்போதும் திறந்தே கிடக்கும் நன்கொடைப் பொத்தானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இணையத் தொடர்பைப் பாதுகாக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கே 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும் வரை வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. நம் குழுவின் பொத்தான் எம்மாத்திரம்.

பணத்தைவிட முக்கியம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பது. ஃப்ரீநோட் அரட்டை வலையமைப்பில் 2021 மே மாதம், அதை நடத்திக்கொண்டிருந்த தன்னார்வலர்கள் மொத்தமாக வெளியேறி லிபரா சாட் தொடங்கினார்கள். உழைத்தது அவர்கள், பெயரும் டொமைனும் இருந்தது வேறொருவர் கையில். புதியதை ஸ்வீடனில் ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் கையில் வைத்தார்கள். பதிவு வேண்டாம் என்று மேலே சொன்னேனே, அது பணத்துக்காக மட்டும். ஆயிரக்கணக்கானோர் நம்பியிருக்கும் பெயர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் கிடக்கிறதென்றால், வருமானம் சைபராக இருந்தாலும் போய்ப் பதியுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்காக 2024 அக்டோபரில் அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட், வருடத்துக்கு மொத்தம் 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1 லட்சம் டாலர் வரை. திட்டத்தையும் அதற்கு வேண்டிய நிதியையும் விவரிக்கும் ஃபண்டிங் டாட் ஜேசன் (funding.json) என்ற கோப்பை எழுதி உங்கள் தளத்தில் வைத்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தல்லாகுளத்தில் டீ குடித்துக்கொண்டு லிங்க் பகிரும் குழுவுக்கு அவர்கள் தர மாட்டார்கள். ஆனால் அந்தக் குழுவில் ஒருவர் தமிழ் எழுத்துப் பிழைதிருத்தியோ விசைப்பலகையோ செய்து, அதை நிறையப் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தக் கோப்பை எழுத அரை மணி நேரம்தான் ஆகும்.