கேம்பிங் ட்ரெய்லரில் லித்தியம் பேட்டரி: செட் எப்படி?

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற எங்கள் சின்ன ட்ரெய்லருக்கு, பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் கரண்ட் வேலை முழுவதையும் செய்து வாங்கினோம். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, ஓடும்போது காரிலிருந்து சார்ஜ் ஏற்ற டிசி-டிசி சார்ஜர், கூரையில் 200 வாட் சோலார் பேனல், 1,500 வாட் இன்வர்ட்டர். எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்.

பேட்டரிக்கு முழு மார்க். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கு நடுவே சர்வீஸ் முடித்தவன் நான். டிஸ்டில்டு வாட்டர் கேட்காத பேட்டரியை லேசில் நம்ப மாட்டேன். ஆனாலும் கணக்கு அதன் பக்கம்தான். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் என்றால் 1,280 வாட்-அவர். அதில் பெரும்பகுதியைத் தாராளமாகச் செலவழிக்கலாம். லெட்-ஆசிட்டில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போச்சு. லித்தியத்தின் எடையும் லெட்-ஆசிட்டில் பாதிக்குக் கீழே. ட்ரெய்லரின் முன்பக்கப் பெட்டியில் உட்காரும் பேட்டரி என்பதால், கார் கொக்கியில் விழும் பாரம் அந்த அளவுக்கு மிச்சம். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சனி, ஞாயிறுக்குத் தாங்குகிறது.

சிக்கல் வயரில் வந்தது. கார் பேட்டரியிலிருந்து ட்ரெய்லருக்கு 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்து வைத்திருந்தார்கள். போக வர 10 மீட்டர். 20 ஆம்பியர் ஓடினால் வயரிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். பட்டறைக்காரர் கோலார் தங்கவயல் தமிழர், நல்ல மனிதர். “டிசி-டிசி சார்ஜர் அதையெல்லாம் சரிக்கட்டிடும் சார்” என்றார். “அந்த சார்ஜருக்கே வோல்ட் பத்தாம நின்னுட்டா என்ன பண்ணுவீங்க தம்பி?” என்று கேட்டு, மீட்டரை வைத்துக் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் 16 சதுர மி.மீ. போட்டுக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. இப்போது இழப்பு கால் வோல்ட்தான். வயரின் இரண்டு முனையிலும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்திருந்ததையும் பாராட்ட வேண்டும். பலர் அதை ஒரு முனையோடு விட்டுவிடுகிறார்கள்.

டிசி-டிசி சார்ஜர் எதற்கு, நேரடியாக இணைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். காலியான லித்தியம் பேட்டரி கரண்டை அள்ளி இழுக்கும், காரில் கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் சூடேறும். போதாக்குறைக்கு இன்றைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் வோல்ட்டைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இன்வர்ட்டர்தான் இந்தப் பேக்கேஜின் பொருந்தா ஜோடி. 1,500 வாட்டை 12 வோல்ட்டில் எடுக்க 130 ஆம்பியர் வரை வேண்டும். பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது அதைப் பாதுகாக்கும் சர்க்யூட், 100 ஆம்பியருக்கு மேல் விடாது. என் வீட்டம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் பால் வைத்து முழு வேகத்தில் திருப்பினாள். ஃப்ரிட்ஜ், விளக்கு உட்பட எல்லாம் அணைந்தது. பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, சரி. விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டாமா? காபிக்கு கேஸ் அடுப்பே போதும்.

மீட்டரும் சுமார். வெறும் வோல்ட் மீட்டர் கொடுத்திருக்கிறார்கள். லித்தியத்தில் வோல்ட் 13.2 பக்கத்திலேயே நெடுநேரம் நின்று, தீரும் நேரத்தில் மடமடவென்று விழும். மிச்சம் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை அளந்து கணக்கு வைக்கும் ஷன்ட் வைத்த மீட்டர் கேட்டு வாங்குங்கள். சோலார் பேனல் மர நிழலில் பெயருக்குத்தான். நிழலில் வண்டியை விட்டு, வெயிலில் விரித்து வைக்கிற மடக்குப் பேனலாக இருந்திருந்தால் உபயோகம்.

ஜனவரியில் ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: உறைபனியில் சார்ஜை நிறுத்தும் வசதி பிஎம்எஸ்ஸில் இருக்கிறதா? பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுப்போகும். எங்களுடையதில் இருக்கிறது. பேட்டரியின் சீரியல் நம்பரை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால்தான் எழுதுகிறார்கள்.