மேடையில் ஆம்ப் இல்லாத கிட்டார்காரருக்கு எந்த ஐஆர்? நெடுநாள் புழங்கியதில் தெரிந்தது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற எங்களுக்கு மேடையில் ஆம்ப், அதாவது ஸ்பீக்கரோடு கூடிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர், கிடையாது. பெடலிலிருந்து ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகும். மைக்செட்டுக்காரர் எதைத் திறந்துவிடுகிறாரோ அதுதான் நம்முடைய டோன். டிஸ்டார்ஷனை மிதித்தால் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போல ஒரு சத்தம் வரும், எல்லோரும் பெடலைத் திட்டுவோம். பெடல் மேல் அவ்வளவு குற்றம் இல்லை. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்பும் கரகரப்பில் நிறைய அதற்கு மேலேதான் இருக்கிறது. அதை மழுக்கித் தர ஸ்பீக்கர் இல்லாமல், மைக்செட்டின் மேல் பெட்டியில் உச்சச்சத்தம் தரும் ஹார்னுக்கு நேராகக் கொடுத்தால் முன்வரிசை எழுந்து பின்னால் போய்விடும்.

அந்த இடத்தை நிரப்பத்தான் ஐஆர், அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே வரை ஏறிப் போகும் ஒரு ஸ்வீப் சத்தத்தைக் கேபினெட்டில், அதாவது கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியில், ஓட்டி, முன்னால் மைக் வைத்துப் பிடித்து, கணக்குப் போட்டு எடுக்கிற சின்ன வேவ் ஃபைல். அதைப் பெடலில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் இருந்த இடம், மைக் சத்தத்தை ஏற்றும் ப்ரீஆம்ப் எல்லாம் அதில் அடங்கிவிடும். அடங்காதது ஒன்று உண்டு. நிஜ ஸ்பீக்கரைப் பலமாக ஓட்டினால் அதன் கூம்பான கோன் திணறி, சத்தம் கொஞ்சம் அமுங்கிக் குழையும். ஐஆருக்கு அது தெரியாது. மெல்ல மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

காசு கொடுத்து வாங்கும் ஐஆர் பேக் ஒன்றில் நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் இருக்கும். அத்தனையையும் வரிசையாகக் கேட்டால் இருபதாவதிலேயே காது செத்துவிடும். நான் முதலில் ஃபைல் பெயரைத்தான் படிப்பேன். 57 என்றால் ஷூர் எஸ்எம்57. 121 என்றால் பெரும்பாலும் ராயர் ஆர்-121 ரிப்பன் மைக். 421 என்றால் சென்ஹைசர். அதற்குப் பிறகு மைக் இருந்த இடம். கோனின் நடுவிலுள்ள டஸ்ட் கேப்புக்கு நேராக வைத்தால் கூர்மை அதிகம். ஓரத்தை நோக்கி நகர நகரச் சத்தம் மங்கிக் கனக்கும். மைக் கிரில்லை ஒட்டியிருந்தால் அடிச்சத்தம் கூடும். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பேக்கைத் திறக்கவே வேண்டாம். கச்சேரிக்கு நான் கேப்பின் விளிம்பில் ஆரம்பித்து, குத்தினால் வெளியே போவேன்; நடுப்பக்கம் போகவே மாட்டேன்.

ஸ்பீக்கர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது 4x12 கேபினெட்டில் (12 அங்குல ஸ்பீக்கர் நான்கு) செலஷன் வின்டேஜ் 30 ஸ்பீக்கர், முன்னால் 57. மெட்டல் வாசிப்பவர்களுக்கு அது பொருந்தும். வின்டேஜ் 30-க்கு நடுச்சத்தத்தின் மேல்பகுதியில் ஒரு மேடு உண்டு. 57-க்கும் 5, 6 ஆயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு மேடு. எங்கள் மேடையில் அந்த மேட்டுப் பகுதியிலேயே பாடகியின் குரல், கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ், தபேலாவின் ஓரத்தில் விழும் சாட்டு எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. கிட்டாரும் அங்கே போய் இடித்தால் மைக்செட் அண்ணன் ஃபேடரைக் கீழே இழுப்பார், அவ்வளவுதான். கிரீன்பேக் 25 வாட் ஸ்பீக்கரின் ஐஆருக்கு மாறிய பிறகு நான் மிக்ஸில் தனியாகத் தெரிய ஆரம்பித்தேன். வீட்டில் தனியாகக் கேட்டால் அது உப்புச் சப்பில்லாமல் இருக்கும். பேஸும் டிரம்ஸும் சேர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

எண்பதுகளின் பாட்டுகளில் வரும் சுத்தமான ஆர்பெஜியோவுக்கு, அதாவது கார்டைத் தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டுவதற்கு, இரண்டுமே வேண்டாம். பின்பக்கம் திறந்த 2x12 பெட்டி, ஃபெண்டர் ட்வின் வகை, போதும். வாக்ஸ் ஏசி30-இன் ஆல்னிகோ புளூ ஸ்பீக்கர் இன்னும் அழகு, ஆனால் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரில் கொஞ்சம் சில்லென்று அடிக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் பலரும் ஏமாறும் இடம் சத்த அளவு. ஃபைலுக்கு ஃபைல் லெவல் வேறு. சற்று பலமாக இருப்பதுதான் நல்லது என்று காது சத்தியம் செய்யும். அளவைச் சமன் செய்யாமல் கேட்டுத் தேர்ந்தெடுத்தது எதுவும் தேர்வே இல்லை.

இன்னொன்று, கேட்கும் சூழல். நான் இருப்பது பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியில். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்ற சுண்ணாம்புச் சுவர், மேலே உயரமான கூரை. ஸ்பீக்கரில் போட்டால் எந்த ஐஆரும் ஒரே இரைச்சலாகச் சுழலும். இரவில் நடு முற்றமான வளவில் ஒரு சொம்பு விழுந்தாலே வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் படுத்திருக்கும் ஆச்சி எழுந்துவிடுவார்கள், அதனால் ஹெட்ஃபோன்தான். ஆனால் குறைந்த சத்தத்தில் காதுக்கு அடிச்சத்தமும் உச்சச்சத்தமும் குறைவாகத்தான் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டியது இது. ராத்திரி மெல்லக் கேட்டுக்கொண்டு பேஸும் ட்ரெபிளும் ஏற்றி வைத்த டோன், கோயில் திடலில் பெரிய பேஸ் பெட்டிகளில் வரும்போது ஒருபக்கம் குமுறும், மறுபக்கம் கீறும். எனவே ஹெட்ஃபோனில் பத்து ஐஆரை மூன்றாகக் குறைப்பேன். மிச்சத்தை சவுண்ட் செக்கில்தான் முடிவு செய்வேன். ஒருமுறை மைக்செட் அண்ணன், "தம்பி, இப்ப எதை மாத்துனீங்களோ அதுலயே இருங்க, நான் எதையும் தொடலை" என்றார். அவர் ஐஆர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம். அந்த ஃபைல் கிரீன்பேக்கும் ரிப்பன் மைக்கும்.

இரண்டு ஐஆரைக் கலப்பது ருசியான வேலை, ஆபத்தும் உண்டு. ஒரு மைக் இன்னொன்றைவிட 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்திருந்தால், சுமார் 3,400 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிராக மோதி அந்த இடம் காணாமல் போகும். கிட்டார் வெளியே தெரிவதற்கு வேண்டிய இடமே அதுதான். ஒரே பேக்குக்குள் நேரம் ஒத்துப்போகும்படி செய்து தந்திருப்பவற்றை மட்டும் கலக்கலாம். வேறு வேறு ஆட்கள் எடுத்ததைக் கலந்தால் பெரும்பாலும் ஒல்லியாகிவிடும். கலந்து தந்த ஒற்றை ஃபைலையே எடுத்துக்கொள்வது நிம்மதி.

ஃபைலின் நீளத்தைப் பற்றி நிறையச் சண்டை போடுகிறார்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 1,024 சாம்பிள் என்றால் சுமார் 21 மில்லிசெகண்ட், 2,048 என்றால் 43. மைக்கை ஒட்டி வைத்து எடுத்த கேபினெட்டுக்குச் சிறியதே போதும், அடிச்சத்தத்தில் மட்டும் சிறு வித்தியாசம் தெரியும். அறையின் முழக்கமும் வேண்டுமென்றால்தான் நீளம் தேவை. எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் பலூனை உடைத்து அதையும் ஐஆராக எடுக்கலாம், அடிப்படை அதே சங்கதிதான். ஆனால் அந்த முழக்கம் அடங்க நேரமாகும். பெடலின் கேபினெட் இடத்தில் ஏற்றினால் தலை மட்டும் மிஞ்சி வால் வெட்டுப்படும். கம்ப்யூட்டரில், நீளமான ஐஆரை ஏற்கும் கன்வல்யூஷன் ரிவெர்பில்தான் அதற்கு வழி.

ஐஆருக்குப் பின்னால் 90 ஹெர்ட்ஸ் வாக்கில் கீழே வெட்டும் ஒரு லோ கட், 6,500 பக்கத்தில் மேலே வெட்டும் ஒரு ஹை கட் எனக்கு எப்போதும் உண்டு. கிட்டாரின் ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸ்தான், ஆனாலும் பேஸ் கிட்டார்காரர் பக்கத்தில் நிற்கும்போது அங்கே நமக்கு வேலை இல்லை. பெடலை நிஜ ஆம்பின் ரிட்டர்ன் சாக்கெட்டில் சொருக வாய்த்தால் ஐஆரை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு மேல் ஸ்பீக்கர் ஏறிப் போர்வைக்குள் வாசிப்பது போலாகும்.

இப்போது பெடலில் நிரந்தரமாக இருப்பவை கிரீன்பேக் ஒன்று, ட்வின் வகை ஒன்று. புதுப் பேக் வாங்கும் ஆசை அடங்கிவிட்டது. அக்கூஸ்டிக் கிட்டாரின் பியசோ பிக்கப்புக்கு (அதிர்விலிருந்து சத்தம் எடுப்பது) மர உடலின் ஐஆர் போடுவதை மட்டும் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் போன்ற கீச்சல் போய் மரத்தின் சாரீரம் வருகிறது. கல்யாண வீட்டு மேடைகளில் மானிட்டரைச் சற்று ஏற்றினாலே ஃபீட்பேக் பிடித்துக்கொள்கிறது, அதனால் பாதி அளவுக்கு மேல் கலக்கத் துணிவில்லை.