25 பைசாவுக்குக் கணக்கு உண்டு: என் பதினோரு வருட எஸ்.ஐ.பி.

மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் ஒரே தொகையைப் போடுகிற எஸ்.ஐ.பி.யில் எனக்கு மாதம் 5,000 ரூபாய் போகிறது. ஸ்டேட்மென்ட்டில் முதலீடு 4,999.75 என்று இருக்கும். குறைகிற 25 பைசா முத்திரைத் தீர்வை. 2020 ஜூலையிலிருந்து 0.005 சதவீதம் பிடிக்கிறார்கள். அந்தக் கால் ரூபாயை ஒவ்வொரு மாதமும் தேதி போட்டுத் தனியாகக் காட்டுகிறார்கள். இதே பணத்திலிருந்து வருடத்துக்குச் சில ஆயிரம் போய்க்கொண்டிருந்தது நாலு வருடம் என் கண்ணில் படவே இல்லை.

ஆரம்பித்தது 2014 ஜூலையில். சம்பளக் கணக்கு இருந்த வங்கிக்கு வேறு வேலையாகப் போனேன். அங்கே ஒரு தம்பி உட்காரவைத்து, "ஆர்.டி. போடுறதுக்குப் பதிலா இதைப் போடுங்க சார்" என்றார். இதற்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், ஃப்ரீ" என்று சொல்லி ஐந்தாறு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நூறு ரூபாய் போட்டால் 2.25 ரூபாய் வரை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை 2009 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. அதனால் நுழைவதற்குக் கட்டணம் இல்லை. உள்ளே இருப்பதற்குத்தான் கட்டணம். நான் சேர்ந்த ஃபண்டில் செலவு விகிதம், அதாவது நிர்வாகத்துக்கும் கமிஷனுக்கும் எடுத்துக்கொள்வது, வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல். இது பில்லாக வராது. வருடச் செலவை 365 பங்காக்கி, தினமும் ஒரு துளி கழித்துவிட்டுத்தான் அன்றைய என்.ஏ.வி.யை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, அறிவிக்கிறார்கள். நாம் பார்க்கிற விலையே செலவு போன பிறகு உள்ள விலை. லாப வருடத்தில் 14 வரவேண்டியது 12 வந்தால் யாருக்கு உறுத்தும்? நஷ்ட வருடத்திலும் அந்தத் துளி நிற்காது.

2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்னஞ்சலில் திறக்காமல் கிடந்த ஸ்டேட்மென்ட்டை முதல்முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். விற்பவருக்குப் போன கமிஷனை ரூபாய்க் கணக்கில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று செபி 2016-ல் கொண்டுவந்த விதியால் வந்த பக்கம் அது. 1,340 ரூபாய்ச் சொச்சம். மேலே ஃபண்ட் பெயருக்குப் பக்கத்தில் 'ரெகுலர்' என்று ஒரு சொல். ரெகுலர் என்றால் வழக்கமானது என்றல்லவா நினைத்திருந்தேன்! அதே ஃபண்ட், அதே மேனேஜர், அதே பங்குகள்; இடைத்தரகர் மட்டும் இல்லாத 'டைரக்ட்' பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருந்திருக்கிறது. அதில் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைவு.

கோபத்தில் அன்றே மாற்றிவிடலாம் என்று பார்த்தால், ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் விற்று வாங்கியதாகத்தான் கணக்கு. ஒரு வருடம் ஆகாத யூனிட்டுக்கு 1 சதவீதம் வெளியேறும் கட்டணம். ஒரு வருடம் தாண்டியவற்றில் லாபம் லட்சத்துக்குள் இருந்தால் அப்போது வரியில்லை. சரி என்று பழையதை நிறுத்திவிட்டுப் புது எஸ்.ஐ.பி.யை, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஒரு டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டில் தொடங்கினேன். செலவு 0.2 சதவீதத்தை ஒட்டி. பழைய யூனிட்டுகளை வருடம் தாண்டத் தாண்ட நகர்த்தினேன்.

தரகரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச் 23 அன்று காலையிலேயே சந்தை 10 சதவீதம் விழுந்து, வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். திரும்பத் திறந்ததும் மறுபடி விழுந்தது. முடிவில் சந்தைக் குறியீடுகளில் சென்செக்ஸ் 3,934 புள்ளி காலி, நிஃப்டி 7,610-ல் முடிந்தது. 69 தவணையாக நான் கட்டியிருந்த 3,45,000 ரூபாய் மூன்று லட்சத்துக்கும் கீழே வந்திருந்தது. ஆறு வருடம் உண்டியலில் போட்டிருந்தால் தேவலை என்கிற கணக்கு. விருதுநகரில் இருக்கும் என் மச்சானுக்கு அன்று இரவு அவருடைய ஏஜென்ட் போன் செய்து அரை மணி நேரம் பேசி, விற்கவிடாமல் பிடித்துவைத்தார். என்னோடு வேலை பார்ப்பவர் எல்லாம் தெரிந்தவர், டைரக்ட்டில்தான் இருந்தார். அந்த வாரமே மொத்தத்தையும் விற்றுவிட்டார். மச்சான் கொடுக்கிற ஒரு சதவீதத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன். நான் கொடுத்தது வீண்தான். நாலு வருடத்தில் அந்த வங்கியில் நாலு அதிகாரிகள் மாறினார்கள், ஒருவரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நான் விற்காததற்குத் துணிச்சல் காரணமில்லை. ஆப்பின் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது.

புத்திசாலித்தனம் காட்டப்போய்ச் சூடுபட்டதும் உண்டு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-ல் முடிந்தது. மதியம் 2.40-க்கு 20,000 ரூபாய் கூடுதலாகப் போட்டேன். மூன்று மணிக்கு முன்னால் போட்டாயிற்று, இன்றைய விலைதான் என்று நினைப்பு. ஆனால் 2021 பிப்ரவரியிலிருந்து நாம் பணம் அனுப்பிய நேரம் கணக்கில்லை, அது ஃபண்ட் நிறுவனத்தின் கையில் சேர்ந்த நேரம்தான் கணக்கு. நடுவில் எங்கேயோ நின்று என் பணம் மூன்று மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. மறுநாள் நிஃப்டி 22,620. மூன்று சதவீதத்துக்கு மேல் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்தேன். அதற்கப்புறம் 'சந்தை விழும்போது வாங்குவது' என்ற பேச்சையே விட்டுவிட்டேன்.

பெரிய தலைவலி என்று கேட்டால் இனிஷியல்தான். நமக்கு அப்பா பெயர் முதல் எழுத்தோடு சரி. பான் கார்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்பதால் அப்பா முழுப் பெயரோடு பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. 2024-ல் முதலீட்டாளரின் அடையாள விவரமான கே.ஒய்.சி.யை மறுபடி சரிபார்த்தபோது என்னுடையது நிறுத்திவைக்கப்பட்டு, ஆதாரைத் திருத்தி மீள இரண்டு மாதம் ஆயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபண்ட் தேர்வு அப்புறம். கணக்கில் பணம் இல்லாத ஒரு மாதம் எஸ்.ஐ.பி. திரும்பியதற்கு ஃபண்ட் ஒன்றும் கேட்கவில்லை, வங்கிதான் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் பிடித்தது.

இப்போதைக்கு என் கணக்கில் வருடத்துக்கு 12 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அந்தத் தம்பி காகிதத்தில் போட்டுக் காட்டியது 15.

பழைய யூனிட்டுகளை நகர்த்தியபோது எண்ணிக்கையைத் தசமப் புள்ளி விட்டு டைப் செய்துவிட்டேன் போலிருக்கிறது. 0.638 யூனிட் இன்னும் அந்த ரெகுலர் பிளானிலேயே கிடக்கிறது. ஸ்டேட்மென்ட் வரும்போதெல்லாம் அந்த வங்கியின் பெயரும் அதற்குப் பக்கத்தில் தவறாமல் வருகிறது.