கந்தளாய்ப் பாதையில் நடுங்கிய டபிள் கேப்: கியர் பொக்ஸ் மாற்றச் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்

திருகோணமலையில் பழைய டபிள் கேப், பிக்கப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். "கியர் பொக்ஸ் போயிட்டுது" என்று சொல்லி எங்களிடம் 3 இலட்சத்து 49 ஆயிரம் ரூபா வாங்கிவிட்டார்கள். கோளாறு கியர் பொக்ஸில் இருக்கவே இல்லை. கியர் பொக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள குரொஸ் ஜொயின்ட்டில், அதாவது சிலுவை வடிவ இணைப்பில்தான் இருந்தது. கடைசியில் 14,500 ரூபாவோடு அது தீர்ந்தது. கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அந்த வழியில் போகட்டும்.

வாகனம் அப்பாவுடையது. 1990களின் நடுப்பகுதியில் வந்த ஜப்பான் டீசல் டபிள் கேப். இறக்கக்கண்டியில் மீன் எடுத்து, ரெஜிஃபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கி, கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்குக் கொண்டுபோவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்தின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குவது எங்களுக்கு நடக்கிற காரியமில்லை. அதனால்தான் சின்னச் சத்தம் கேட்டாலும் அப்பா உடனே கராஜுக்குக் கொண்டுபோவார்.

2024 ஆடியில் நடுக்கம் தொடங்கியது. 70 கிலோமீற்றரைத் தாண்டினால் சீற்றுக்குக் கீழே ஒரே இரைச்சலும் அதிர்வும். 60க்கு இறக்கினால் போய்விடும். ஸ்டியரிங் அசையவே இல்லை. றிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது மட்டும் அடியில் "டக்" என்று ஒரு தட்டு. அப்பா கராஜில் முதல் நாளே சொன்னார்: "தம்பி, காலடியில நடுங்கேல்ல, இடுப்புக்குக் கீழதான் நடுங்குது." நானும் பக்கத்தில் நின்றேன். கராஜ்காரர் தலையாட்டினார். வாகனத்தில் ஏறி, நின்ற இடத்திலேயே அக்சிலரேட்டரை இரண்டு தடவை மிதித்தார். "கிளட்ச் பிளேட்" என்றார்.

அவர் ஒரு தடவைகூட வாகனத்தை றோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. எங்கள் பணம் முழுவதும் அந்த ஒரு காரணத்தால்தான் போனது.

கிளட்ச் செற்றும் கூலியும் 78,000. நடுக்கம் அப்படியே இருந்தது. பிறகு என்ஜின் மவுன்ட்டும் கியர் பொக்ஸ் மவுன்ட்டும், 16,000. அப்போதும் மாறவில்லை. மூன்றாவது தடவை, "மெயின் ஷாஃப்ட் பெயரிங் போயிட்டுது, திறந்தா வீண் செலவு, பஞ்சிகாவத்தையில ஒரு ரிகண்டிஷன் பொக்ஸ் இருக்கு" என்றார். பொக்ஸ் 2 இலட்சத்து 10 ஆயிரம், ஏற்றுக்கூலியும் வேலையும் 45,000. வாகனம் 23 நாள் அங்கேயே நின்றது. ஆடி, ஆவணி எங்கள் பக்கம் கடல் அமைதியாக இருக்கிற காலம், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து வாடி போட்டுத் தொழில் செய்கிற காலம். அந்த நேரத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகை லொறி பிடித்தோம்.

புதுப் பொக்ஸோடு வெளியே எடுத்தால், முன்பு 70இல் வந்த நடுக்கம் இப்போது 50இலேயே வந்தது. "பொக்ஸ் செற் ஆகணும், ஆயிரம் கிலோமீற்றர் ஓடுங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பி அப்பா இரண்டு இரவு தம்புள்ளைக்குப் போய் வந்தார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கிற இடங்கள் உங்களுக்குத் தெரியும். ஓடும்போது ஜொயின்ட் உடைந்து ஷாஃப்டின் முன்முனை கீழே விழுந்தால் அது தார் றோட்டில் குத்தி வாகனத்தையே தூக்கிவிடும். பிரேக் பைப்பையும் அடித்துக்கொண்டு போகலாம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பிறகு ஒரு உறவினர் கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் ஒரு நானாவிடம் போகச் சொன்னார். அவர் ஜக்கை எடுக்கவில்லை. "வாங்க மகன், ஒருக்கா ஓடிப் பாப்பம்" என்று பக்கத்து சீற்றில் ஏறி, உள்ளங்கையைச் சீற்றுகளுக்கு நடுவில் தரையில் வைத்தார். மூதூர்ப் பாதையில் ஆளில்லாத நேரான துண்டில் 70 வரை எடுத்து, கியரை நியூட்ரலில் விடச் சொன்னார். என்ஜின் இறங்கி அமைதியானது. நடுக்கம் மட்டும் அதே மாதிரி இருந்து, வேகம் குறையக் குறைய ஓய்ந்தது.

அந்த ஒரு நிமிடத்திலேயே என்ஜினும் கிளட்சும் சந்தேகத்திலிருந்து விலகிவிட்டன. கியர் பொக்ஸின் பின்பக்கம் நியூட்ரலிலும் சுற்றும் என்பதால் அதை இந்தச் சோதனையால் மட்டும் முழுதாக விலக்க முடியாது என்றும் அவரே சொன்னார். டயர் ஏன் இல்லை என்று கேட்டேன். 80இல் எங்கள் டயர் விநாடிக்கு ஏறத்தாழ 10 தடவை சுற்றும், அதன் குலுக்கலை எண்ணலாம் போல இருக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபின் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியின்) பல் கணக்கால் அதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும், அதனால் அது இரைச்சலாகத்தான் வரும் என்றார். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங் ஆடியிருக்கும். அப்பா முதல் நாளே சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடியில் உரச்சாக்கு விரித்து நானும் படுத்துப் பார்த்தேன். பின்பக்கக் குரொஸ் ஜொயின்ட்டின் கப்பைச் சுற்றிச் செங்கட்டித் தூள் மாதிரிக் கறள். இரண்டு பக்கமும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் கையிலேயே தட்டியது. கழற்றுவதற்கு முன்னால் நானா ஷாஃப்டைப் பூட்டும் பிளான்ஜ் தட்டிலும் ஷாஃப்டிலும் சென்டர் பஞ்சால் நேருக்கு நேர் புள்ளி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜொயின்ட்டைப் பிடித்திருக்கும் கவைகளைக் காட்டினார். அவை ஒரே நேரில் இருக்க வேண்டும். எங்களுடையது பார்த்தவுடனே தெரிகிற அளவுக்குத் திரும்பி நின்றது.

நேர்கோட்டில் இல்லாமல் ஒரு கோணத்தில் சுற்றும் குரொஸ் ஜொயின்ட் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை ஷாஃப்டை வேகமாக்கி மெதுவாக்கும். மறுமுனை ஜொயின்ட் அதை ஈடு செய்ய வேண்டும். கவைகள் நேராக இருந்தால்தான் அந்த ஈடு நடக்கும். கியர் பொக்ஸை இறக்கியபோது கராஜில் ஸ்பிளைனை (ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று பல்லால் பொருந்தும் இடத்தை) அடையாளம் வைக்காமல் இழுத்து, கைக்கு வந்த பல்லில் போட்டிருக்கிறார்கள். இருந்த நோயைப் பார்க்காமல், இன்னொன்றையும் உண்டாக்கித் தந்திருக்கிறார்கள்.

வைஸில் வைத்துக் கப்பைத் தள்ளியபோது ஊசிப் பெயரிங்குகள் பொடியாகக் கொட்டின. கிறீஸ் ஒரு துளிகூட இல்லை. குரொஸின் புயத்தில் நகத்தால் தடவினால் சிக்குகிற அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம். இரண்டு ஜொயின்ட்டும் 9,000, கூலி 5,500. ஸ்பிளைனையும் சரியான பல்லில் போட்டார். திரும்பும்போது 80 வரை ஓட்டினேன். அப்பா ஒன்றும் பேசாமல் தரையில் கை வைத்தபடியே வந்தார்.

நீங்கள் போகும்போது ஓட்டிப் பார்க்காமல் கழற்ற விடாதீர்கள். நீங்களும் கூடவே ஏறுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே நடுங்குகிறது, நியூட்ரலில் என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். அடியில் படுத்துப் பார்ப்பதென்றால் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஜக்கை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயரிங் உள்ள வாகனமென்றால் அதன் றப்பரையும் அசைத்துப் பாருங்கள். கழற்றிய சாமான் எதுவானாலும் அன்றைக்கே கையில் வாங்குங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நாங்கள் மோசம் போனோம். பழைய கியர் பொக்ஸைக் கேட்டபோது, "இரும்புக்குப் போட்டாச்சு தம்பி" என்றார். உள்ளே திறந்தே பார்க்காத ஒரு பொக்ஸை இரும்பு விலைக்குக் கொடுத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர் தந்த துண்டில் "சாமான், கூலி" என்று மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நான் அந்தத் துண்டின் பிரதியும் ஜொயின்ட்டின் படங்களும் சேர்த்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கராஜ்காரர் இரண்டு தடவை அழைத்து, "கதைச்சுத் தீர்ப்பம்" என்றார். எங்கள் கியர் பொக்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதையுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.