பழைய சாலையும் புதிய சாலையும் ஒட்ட: சூடான தாரா, கட்பேக்கா, எமல்ஷனா?

மதுரையில் பஸ்கள் பிரேக் பிடித்து நிற்கும் சிக்னல்களுக்கு முன்னால் சாலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிறை வடிவில் விரிசல்கள் வரிசையாக இருந்தால், பெரும்பாலும் மேல் அடுக்கு கீழ் அடுக்கில் ஒட்டாமல் வழுக்கி நகர்ந்திருக்கிறது. ஒரே கனமுள்ள இரண்டு பலகைகளைச் சும்மா அடுக்கி வைப்பதைவிட, பசை போட்டு ஒட்டினால் வளையாமல் தாங்கும் விறைப்பு நான்கு மடங்கு. தார்ச்சாலையின் அடுக்குகளுக்கும் இதே தத்துவம்தான். அந்தப் பசைக்குப் பெயர் டாக் கோட். அதற்குச் சூடான தார், கட்பேக், எமல்ஷன் என மூன்று வழிகள்.

சூடான தாரில் தண்ணீர் கிடையாது, காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கெட்டித் தாரை மெல்லிசாகப் பரப்புவது கடினம். சாலையில் பட்டதும் ஆறிப்போய்க் கோடு கோடாக நின்றுவிடும். நடுவில் விட்டுப்போன இடம் ஒட்டாது.

கட்பேக் என்பது மண்ணெண்ணெய் போன்ற எண்ணெய் கலந்து இளக்கிய தார். எண்ணெய் முழுதாக ஆவியாகும் முன் மேல் அடுக்குக்கான தார்-ஜல்லிக் கலவையைக் கொட்டினால், அது உள்ளேயே தங்கித் தாரை இளக்கிவிடும். கடுங்குளிர் ஊர்களுக்குச் சரி, மதுரைக்கு வேண்டவே வேண்டாம்.

என் தேர்வு எமல்ஷன். தண்ணீரில் நுண்துளிகளாக மிதக்கும் தார் அது. சீக்கிரம் தண்ணீர் பிரியும் ஆர்.எஸ்.-1 என்ற வகையில் எடைக்குக் குறைந்தது 60 சதவீதம் தார் இருக்கும். சீராகத் தெளிக்கலாம். பழைய தார்ச்சாலைக்குச் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ போதும். அள்ளி ஊற்றினால் அதுவே வழுக்கும். தெளிக்கும்போது காப்பி நிறம், தண்ணீர் பிரிந்ததும் கறுப்பு. அந்தக் கறுப்பு வரும்வரை கலவை லாரியை நிறுத்தி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் சீக்கிரம் கறுத்துவிடும். ஐப்பசியில் கறுக்கும் முன்பே மழை பிடித்தால் எமல்ஷன் வாய்க்காலோடு போய்விடும்.

எங்கள் தெருவில் தெளித்தது நல்ல எமல்ஷன்தான். இருந்தும் ஒரு மழைக்காலத்தில் மேல் அடுக்கு அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் செம்மண் தூசி! எமல்ஷன் பிடித்தது தூசியைத்தான், சாலையை அல்ல. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அப்புறம், பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுவதா, அதன் மேலேயே போடுவதா? வாசற்படிகள் சாலையை ஒட்டி நிற்கும் மாசி வீதிகள் மாதிரி இடங்களில் சந்தேகமே வேண்டாம், சுரண்டிவிட்டுப் போடும் மில்லிங்தான். சாலை மட்டம் உயராது. சுரண்டிய வரிப்பள்ளங்களில் புதிய கலவை பல் போலக் கவ்விக்கொள்ளும். சுரண்டும்போது கிளம்பும் தூசி மட்டும் ஏராளம். அதை ஊதித் தள்ளக் கம்ப்ரசர் வராத நாளில் எமல்ஷன் பீப்பாயைத் திறக்கவே கூடாது.