இ-பைக் பேட்டரிக்குச் செல் மாற்றப் போகிறீர்களா? பெங்களூர்வாசிகள் கவனத்துக்கு

ஓசூர் ரோடு பக்கம் இ-பைக் பேட்டரிக்குச் செல் மாற்றித் தருகிற ஒரு கடையில் 16,250 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் வேலை செய்யும் தினுசு தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

என்னுடையது பெடல் வைத்த சாதாரண இ-பைக். 48 வோல்ட் பேட்டரி. டொம்லூர் மேம்பாலம் ஏறும்போது, பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டே சட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆன் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் "சார் தர்மபுரியா?" என்று ஆரம்பித்தார். பேட்டரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மொத்த செல்லும் போச்சு சார். 65 செல், ஒண்ணு 250 ரூபா. எல்லாம் புதுசு, ஆறு மாச கேரண்டி" என்றார். பழைய செல்களைத் தருவீர்களா என்றதற்கு, "அதையெல்லாம் வீட்டுல வெக்கக் கூடாது சார், தீப்பிடிக்கும்" என்று அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறை எதற்கென்று பின்னால் விளங்கியது.

வாங்கப் போனபோது மல்டிமீட்டரை வைத்து 54.4 வோல்ட் காட்டினார். இதில்தான் ஆட்கள் மடங்குகிறார்கள். உள்ளே இருக்கும் செல்கள் ஐந்தைந்தாகச் சேர்ந்து 13 குழுக்கள்; அவை தொடராக இருக்கும். முழு சார்ஜில் குழுவுக்கு 4.2, மொத்தம் 54.6 வோல்ட். அப்போதுதான் சார்ஜரிலிருந்து பிடுங்கிய பேட்டரி சாகக் கிடந்தாலும் ஏறக்குறைய அந்த எண்ணைக் காட்டிவிடும். லோடு கொடுத்தால்தான், அதாவது பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுத்தால்தான் சாயம் வெளுக்கும்.

மறுபடி அதே மேம்பாலத்தில் நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அல்சூரில் யு.பி.எஸ். ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாலு கார் ஹெட்லைட் பல்புகளைத் தொடராக இணைத்து, அப்படி இரண்டு வரிசை போட்டு பேட்டரியில் மாட்டினார். பல்புகள் எரியும்போதே பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) ஒயர்களில் ஒவ்வொரு குழுவாக மீட்டரை வைத்துக்கொண்டு வந்தார். மற்றதெல்லாம் 3.8 பக்கத்தில் நிற்க, ஒன்பதாவது மட்டும் 3.4, 3.1, 2.8 என்று இறங்கியது. டக்கென்று எல்லா பல்பும் அணைந்தன. ஒரே ஒரு குழு ரொம்பக் கீழே போனாலும் பி.எம்.எஸ். மொத்தத்தையும் நிறுத்திவிடும். வண்டியின் மீட்டரோ மொத்த வோல்ட்டை வைத்துத்தான் சார்ஜைக் காட்டுகிறது. அதற்கு இது தெரியாது.

"தம்பி, இங்க பாரு." ஒரு செல்லின் முனையிலிருந்து நிக்கல் பட்டையை நெம்பி எடுத்தார். புது வெல்டிங் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே பழைய புள்ளிகள், அவற்றை உரசி மறைக்கப் பார்த்த கீறல்கள். யாரோ கழித்துப்போட்ட செல்களுக்குப் பளபளவென்று நீல பிளாஸ்டிக் சட்டை மாட்டியிருக்கிறார்கள். என்னுடைய பழைய செல்களும் இந்நேரம் யாருக்காவது 'புதுசாக' விற்கப்பட்டிருக்கும்.

கடைக்குப் போனால், "உள்ள தண்ணி போயிருக்கு சார், கேரண்டி வராது". பில் என்று தந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச்சீட்டு. நல்லவேளை, பணம் யு.பி.ஐ.யில் போனது, '65 செல்லும் புதுசு' என்று அவர் அனுப்பிய வாட்ஸாப் செய்தியும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.

இதே மாதிரி ஏற்றத்தில் அணைகிறதென்றால் முதலில் கனெக்டரைப் பாருங்கள்; சூட்டில் கறுத்திருந்தாலும் இதே கோளாறு வரும், செலவும் குறைவு. அது சரியாக இருந்தால், உங்கள் முன்னாலேயே லோடு கொடுத்து குழு குழுவாக அளக்கச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் பேரம் பேச வேண்டாம். மாற்றினால் பழைய செல்களை எண்ணி வாங்கி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தில் நீங்களே கொடுங்கள். பேட்டரியை வீட்டில் மட்டும் திறக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவர் தவறி இரண்டு பட்டைகளைத் தொட்டால் போதும், தீப்பொறி பறக்கும்.

ஒன்பதாவது குழுவை மட்டும் மாற்றித் தரச் சொன்னேன். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். மற்ற பன்னிரண்டின் மேலும் அவருக்கு நம்பிக்கையில்லை. புகார் முடியும்வரை அந்த பேட்டரிதான் சாட்சி என்பதால் அவர் கடையிலேயே வைத்திருக்கிறார். ஆபீசுக்கு இப்போது மெட்ரோதான்.